பெருமை மட்டும் பர்மனென்ட்

கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை அள்ளுவது கான்ட்ராக்ட். பாய்லர் பக்கத்தில் சாம்பல் சுரண்டுவது கான்ட்ராக்ட். கேன்டீனில் தட்டுக் கழுவுவது, டவுன்ஷிப் தெருவைக் கூட்டுவது, ஆஸ்பத்திரி வார்டைத் துடைப்பது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது எல்லாமே கான்ட்ராக்ட். நெய்வேலியில் இன்றுவரை வெளியாளிடம் விடாமல் நிலக்கரி நிறுவனத்தின் நிர்வாகம் தன் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிற வேலை ஒன்று உண்டு. பெருமைப்படுவது. அதற்கு டெண்டர் கிடையாது, ஏஜென்சி கிடையாது, ஆள்குறைப்பும் கிடையாது. அது பர்மனென்ட் வேலை.

காடாம்புலியூரில் இருக்கிறவர்களுக்கு இது வம்புப் பேச்சில்லை, சோற்றுப் பேச்சு. பண்ருட்டியிலிருந்து வடலூர் போகிற சாலையில் முந்திரிக் கடைகளையும் பலாப்பழக் குவியல்களையும் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் நெய்வேலி. இந்தப் பக்கத்துப் பையன்கள் பலர் முதல் ஷிப்டுக்கு இருட்டிலேயே பைக்கை உதைத்துக் கிளம்புகிறவர்கள். சாம்பல் படிந்த முகத்தோடு திரும்புகிறவர்கள். மறுநாள் பேப்பரில் நிறுவனத்தின் சாதனைச் செய்தி வரும், பூங்கொத்தோடு ஒரு படமும் வரும். அந்தப் படத்தில் சாம்பல் படிந்த முகம் ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டுகிறவருக்கு நான் ஒரு கிலோ முந்திரி முழுப்பருப்பு வாங்கித் தரத் தயார்.

முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இந்த ஏற்பாடு புதிதுமில்லை. ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்துத் தோலுரிந்து கிடக்கும். பருப்பு மட்டும் வெள்ளை வெளேரென்று டப்பாவில் ஏறும். டப்பாவின் மேல் முதலாளியின் அப்பா சிரித்துக்கொண்டிருப்பார். நெய்வேலி அதையே நவரத்தின அந்தஸ்தோடு செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாதனைச் செய்திக்குறிப்பு எழுதுவதற்கென்றே ஒரு தனி இலக்கணம் இருக்கிறது. இது நெய்வேலிக்கு மட்டும் உரியதல்ல, நாட்டிலுள்ள எல்லா நிறுவனங்களுக்கும் பொது. உற்பத்தி கூடினால் ‘தலைவரின் தொலைநோக்குத் தலைமையில்’. லாபம் கூடினால் ‘தலைவரின் அயராத வழிகாட்டுதலில்’. எங்கேயாவது ஒன்று வெடித்துத் தொலைத்தால் மட்டும் வாக்கியத்திலிருந்து எழுவாய் இறங்கி ஓடிவிடும். விபத்து ‘நிகழ்ந்தது’. தொழிலாளர்கள் ‘உயிரிழக்க நேரிட்டது’. விசாரணைக்கு ‘உத்தரவிடப்பட்டுள்ளது’. கெட்டதெல்லாம் தானாக நேர்கிறது, நல்லதெல்லாம் ஒருவர் நினைத்ததால் நடக்கிறது. கடவுளுக்குக்கூட இப்படி ஒரு வசதியான ஏற்பாட்டை நம் ஆட்கள் செய்து கொடுத்ததில்லை. மழை பெய்யாவிட்டால் அவரைத் திட்டத்தான் செய்கிறோம்.

இதில் என் வயிறு எரிகிற இடம் வேறு. இன்கோசர்வ் என்ற தொழிற்கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலும் கான்ட்ராக்டர்களின் பெயரிலும் ஆண்டாண்டு காலமாக அதே சுரங்கத்தில், அதே பெல்ட்டடியில் குனிந்து நிமிர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மீசை முளைத்தபோது போனவர்கள், மீசை நரைத்தும் ‘டெம்பரரி’. நிரந்தரம் கேட்டுச் சங்கம் வைத்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், கோர்ட்டுப் படி ஏறினார்கள். கிடைத்த பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: நீங்கள் எங்கள் ஆட்கள் இல்லை, சொசைட்டி ஆட்கள், கான்ட்ராக்டர் ஆட்கள்.

நல்லது. அந்த ஆள் அள்ளிய மண் யாருடையது? அவர் துடைத்துவிட்ட பெல்ட்டில் ஓடிய நிலக்கரி யாருடையது? அதை எந்தக் கான்ட்ராக்டரின் சாதனையாகவும் எந்த ஆண்டறிக்கையும் எழுதியதாகத் தெரியவில்லை. ‘எங்கள் நிறுவனம் இந்த ஆண்டு இத்தனை லட்சம் டன் வெட்டியது’ என்றுதான் வருகிறது. ஆக, கைக்குச் சொந்தக்காரர் கான்ட்ராக்டர். கை செய்த வேலைக்குச் சொந்தக்காரர் கம்பெனி. வேலையால் வந்த புகழுக்குச் சொந்தக்காரர் தலைவர். கை பாய்லரில் வெந்துபோனால் மறுபடியும் கான்ட்ராக்டர் கணக்கு. இப்படி ஒரு பாகப்பிரிவினையை எங்கள் தாலுகா ஆபீஸ் பத்திர எழுத்தர்களால்கூட எழுத முடியாது, அவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது.

தலைவர் ஒன்றுமே செய்வதில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. செய்கிறார். டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும், கடன் திரட்ட வேண்டும், இயந்திரம் எப்போது வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த வேலைக்கு உண்டான பேரை வாங்கிக்கொள்ளட்டும். மற்றவனுடைய வேலைக்கும் சேர்த்து எதற்குப் பேர் என்பதுதான் வழக்கு.

நெய்வேலியின் வேலை என்ன வேலை என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணைத் தோண்டினால் நிலக்கரி வந்துவிடும் என்றால் அதை வெள்ளைக்காரனே வாரிக்கொண்டு போயிருப்பான். இங்கே நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஆர்ட்டீசியன் ஊற்று. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டு நிற்கிற தண்ணீர். மேலிருக்கும் மண்பாரத்தை எடுத்துவிட்டால் அடித்தரை பொங்கி உடைந்து சுரங்கமே ஏரியாகிவிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கி, இரவும் பகலும் இறைத்து, அந்த அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே வெட்ட வேண்டும். நிறுவனம் பதிவானது 1956 நவம்பரில். 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நடுவில் நான்கு வருஷத்துக்கு மேல் மண்ணோடும் தண்ணீரோடும் மல்லுக்கட்டிய ஒரு கூட்டம் இருந்தது. தொடங்கிவைத்த நாள் நம் பிள்ளைகளின் பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கிறது. மல்லுக்கட்டிய நாட்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை, கேள்வித்தாளிலும் வராது.

இன்றைக்கும் அந்தப் பம்புகள் நிற்கக் கூடாது. தீபாவளி, பொங்கல், தேர்தல், ஊரடங்கு எதற்கும் நிற்கக் கூடாது. ஆனால் பொதுத்துறை நிறுவனங்களில் தலைவர் நாற்காலி மாதக்கணக்கில் காலியாகக் கிடப்பது இந்த நாட்டில் அதிசயமே இல்லை. பக்கத்து நாற்காலிக்காரரிடம் ‘கூடுதல் பொறுப்பு’ என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டு டெல்லி மறந்துபோகும். உற்பத்தி அதற்காகப் பாயை விரித்துப் படுத்துவிடுவதில்லை. பம்பு ஹவுஸில் ராத்திரி ஷிப்டு பார்ப்பவரின் நாற்காலியை ஒரே ஒரு வாரம் காலியாக விட்டு, அவருடைய வழிகாட்டுதலைக் கார்ப்பரேட் ஆபீஸுக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டாம் நாள் படகு விடலாம்.

பழைய பெருமைகளின் கதையும் இதேதான். நெய்வேலி என்றதும் முதலில் சொல்லப்படும் பெயர் ஜம்புலிங்க முதலியார். 1930களில் தன் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வருவதைப் பார்த்தார், சும்மா விட்டுவிடாமல் அரசாங்கத்துக்குத் தெரிவித்தார், நிலமும் கொடுத்தார். அந்த மரியாதை அவருக்கு உரியது. ஆனால் அந்தக் கிணற்றில் இறங்கி நின்றது முதலியாரா? கறுப்பு மண் முதலில் ஒட்டியது யாருடைய கையில்? அதை மேலே தூக்கிக் காட்டியது யார்? நிலம் இருந்தவருக்குப் பெயர் இருக்கிறது. நிலத்துக்குள் இறங்கியவனுக்கு இல்லை. கம்பெனி பிறப்பதற்கு இருபது வருஷம் முன்னாலேயே கம்பெனியின் கொள்கை அமலுக்கு வந்துவிட்டது.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் கோயில் கட்டிய ராஜராஜனுக்குக்கூட இந்த விஷயத்தில் கொஞ்சம் பதற்றம் இருந்திருக்கிறது. குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன் பெயர் கல்லில் இருக்கிறது. நானூறு தளிச்சேரிப் பெண்கள் பெயர் பெயராக, எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் இருக்கிறது. இதனால் மன்னர் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. கல் சுமந்து சாரத்தில் ஏறியவன் பெயர் அங்கேயும் இல்லை. இருந்தாலும் ராஜாவுக்கே நானூறு பெண்களின் கதவிலக்கம் தெரிந்திருந்தது. நம் காலத்துத் திறப்பு விழாக் கல்வெட்டைப் பாருங்கள். மத்திய அமைச்சர், இணை அமைச்சர், செயலாளர், தலைவர், இயக்குநர் ஐந்து பேர், ‘முன்னிலை’ இரண்டு பேர். கல்லைச் சுமந்து வந்து குழியில் நட்டவர் பெயருக்கு இடம் போதவில்லை. கிரானைட் விலை அப்படி.

அதிகாரிகளுக்கான பயிற்சி வகுப்புகளில் ஒரு கதை தவறாமல் வரும், ஸ்லைடோடு. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாம். பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் நின்று தோல்வியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று ராக்கெட் வென்றது. அன்றைக்குப் பத்திரிகைக்காரர்களிடம் பேசச் சொல்லிக் கலாமை அனுப்பிவைத்தார். கதை முடிந்ததும் வகுப்பில் கைதட்டல் எழும். கண்ணோரம் கசியும். டீ, பிஸ்கட் வரும். பிறகு எல்லோரும் அவரவர் நாற்காலிக்குத் திரும்பிப் போய்த் தலைகீழாகச் செய்வார்கள். ஒரு நல்ல கதையை இத்தனை முறை சொல்லி இத்தனை பத்திரமாக மறந்த நாடு வேறு இருக்க முடியாது.

2020 மே 7. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையம், ஆறாவது யூனிட், பாய்லர் விபத்து, உயிர்ப்பலி. எட்டு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. ஜூலை 1, அதே நிலையம், பக்கத்து யூனிட்டான ஐந்து, மறுபடியும் பாய்லர். அன்றைக்கே ஆறு பேர் போனார்கள். வெந்த உடம்போடு சென்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் ஒவ்வொருவராகப் போய்ப் போய்க் கணக்கு இருமடங்கைத் தாண்டியது. பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். குடும்பத்துக்கு 30 லட்சம் என்று அறிவிப்பு வந்தது. விசாரணைக் குழு வந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்தது. நிலையப் பொறுப்பில் இருந்தவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஸ்ரீஹரிகோட்டா ஸ்லைடைப் பார்த்திருந்தவர்கள் கார்ப்பரேட் ஆபீஸ் உச்சி மாடியையும் கொஞ்சம் அண்ணாந்து பார்த்தார்கள். மாடி மாடியாகவே இருந்தது, நாற்காலி நாற்காலியாகவே இருந்தது. பெருமை மேலே போவதற்கு லிப்ட் உண்டு. பழிக்கு லிப்ட் வேலை செய்வதில்லை, அதுவும் பராமரிப்பில் இருக்கிறது போலும்.

மே மாதத்துக்கும் ஜூலை மாதத்துக்கும் நடுவில் இருந்த அந்த 55 நாட்களைத் தொலைநோக்குப் பார்வை எப்படித் தாண்டிப் போனது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ரொம்பத் தூரம் பார்க்கிறவர்களுக்குப் பக்கத்து யூனிட் தெரியாது போல.

தனியார் துறையில் இதைவிட வெளிப்படை. அங்கே பெருமைக்கு ரூபாயில் விலைச்சீட்டு ஒட்டியிருப்பார்கள். லார்சன் அண்ட் டூப்ரோ தலைவர் எஸ்.என். சுப்ரமணியன், நம் சென்னைக்காரர், வாரம் 90 மணி நேரம் உழைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எவ்வளவு நேரம் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டது 2025 ஜனவரியில் நாடு முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. அவருடைய 2023-24 ஊதியம் 51 கோடி. அந்த நிறுவனத்து ஊழியர்களின் நடுமட்ட ஊதியத்தைப் போல் 534 மடங்கு. நடுமட்ட ஊழியர் எட்டு மணி நேரம் உழைக்கிறார் என்று வைத்தால் தலைவர் ஒரு நாளைக்கு 4,272 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். ஒரு பகலுக்குள் ஆறு மாத வேலை. அப்படி உழைக்கிற மனிதர் மற்றவர்களிடம் வெறும் 90 மணிதான் கேட்டார் என்றால், கருணை என்று நினைத்துக் கும்பிட்டிருக்க வேண்டும், நாம்தான் மீம்ஸ் போட்டுவிட்டோம்.

அரசு நிறுவனத் தலைவருக்கு அந்தக் கோடிகள் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். உச்ச அடுக்கில் மாத அடிப்படைச் சம்பளமே 2 லட்சத்தில் தொடங்கி 3.7 லட்சத்தில் முடிகிற ஏணிதான். அதோடு செயல்திறன் ஊதியம் என்று ஒன்று உண்டு. நிறுவனம் நல்ல மதிப்பெண் வாங்கினால் அதிகாரிகளுக்கு அடிப்படைச் சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று வரும். பதவி ஏற ஏற விழுக்காடும் ஏறும். ஏற்கெனவே பெரிய சம்பளத்துக்குப் பெரிய விழுக்காடு. பெல்ட்டடி ஆளுக்கு இந்த ஏணியில் படியே கிடையாது, அவர்தான் ‘எங்கள் ஆள் இல்லை’ ஆயிற்றே. தலைவர் சம்பளம் சாதாரண ஊழியரைப் போல் எத்தனை மடங்கு என்று பட்டியலிட்ட நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அந்தப் பிரிவிலிருந்து அரசு நிறுவனங்களுக்கு 2015லேயே விலக்குக் கொடுத்தாகிவிட்டது. வெளியிட்டாலும் என்ன, ஒப்பந்தத் தொழிலாளி அந்த வகுத்தலில் வரமாட்டார். ஓட்டு எண்ணும்போது மட்டும் அவரும் ஓர் ஆள்.

அரசியல்வாதிகளும் இந்த வித்தையில் சளைத்தவர்கள் இல்லை. 2013ல் மத்திய அரசு நெய்வேலியின் பங்குகளை விற்கக் கிளம்பியது. வேலைநிறுத்தம் செய்து சம்பளத்தை இழந்தவர்கள் தொழிலாளர்கள். கடைசியில் 3.56 விழுக்காடு பங்கைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கிக்கொண்டன, நல்ல முடிவு. நெய்வேலியைக் காத்தது யார் என்று நன்றி சொன்ன சுவரொட்டிகளில் யார் படம் இருந்திருக்கும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

2023 ஜூலை 26 அன்று மேல் வளையமாதேவியில் பரவனாற்று வாய்க்காலுக்காகக் கதிர் வரும் நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் எப்போதோ எடுத்தாகிவிட்டது, வாய்க்கால் அவசரம் என்றது நிர்வாகம். இரண்டு மாதம் பொறுக்க முடியாதா என்று உயர் நீதிமன்ற நீதிபதியே கலங்கிக் கேட்டார். அந்த வாரத்தில் ஊரே மண் வாரித் தூற்றியது இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவரைத்தான். அவருக்கு யார் உத்தரவு கொடுத்தார் என்பது வாய்க்காலில் தண்ணீர் ஓடிய பிறகு, ஏதாவதொரு விருது விழாவில் தெரியவரும். அதே நாட்களில்தான் ஒப்பந்தத் தொழிலாளர்களும் நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டிவி கேமராக்களுக்கு அன்றைக்கு நெய்வேலி ரொம்பச் சௌகரியமாக இருந்தது, ஒரே ட்ரிப்பில் இரண்டு செய்தி.

கத்திப் பயனில்லை என்று தெரிந்துபோனதால் ஒரு யோசனை சொல்கிறேன். சிக்கனம் கருதிச் சொல்வதுதான். எல்லா வேலையையும் கான்ட்ராக்டுக்கு விட்டாயிற்று, தலைமை வகிக்கும் வேலையையும் விட்டுவிடலாம்.

யார் குறைந்த தொகைக்கு வழிகாட்டச் சம்மதிக்கிறார்களோ அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். தொலைநோக்குப் பார்வைக்குப் பீஸ் ரேட், பார்வை ஒன்றுக்கு இவ்வளவு. வந்த நாளுக்குத்தான் கூலி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை வந்தால் அரை நாள். தலைவர் நிறுவனத்தின் ஆள் அல்ல, தலைவர்கள் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் என்று வேலைக்குச் சேரும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கேட் பாஸை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கிற கிளார்க் டீ குடிக்கப் போயிருந்தால் வெயிலில் நிற்க வேண்டும், வழிகாட்டுதல் தாமதமானதற்குச் சம்பளம் பிடிக்கப்படும். டிபன் பாக்ஸைத் திறந்து காட்ட வேண்டும். கேட்டில் வாக்குவாதம் செய்யக் கூடாது. 2014 மார்ச்சில் இரண்டாவது சுரங்கத்தில் உள்ளே விடச் சொல்லி வாக்குவாதம் செய்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மத்தியப் பாதுகாப்புப் படைக்காரரால் சுடப்பட்டுச் செத்தார் என்பதைப் புதுத் தலைவர் அறிந்திருப்பது நலம்.

கான்ட்ராக்டர் மாறினால் தலைவரின் சர்வீஸ் முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணப்படும். எத்தனை விருது வாங்கினாலும் அதைக் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர்தான் மேடையேறி வாங்குவார். தலைவர் கீழே நின்று கைதட்டலாம், அன்றைக்கும் கூலி உண்டு. இருபது வருஷம் இப்படி வழிகாட்டிய பிறகு நிரந்தரம் கேட்டு வழக்குப் போடுவதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. தீர்ப்பு வரும்வரை ‘தலைவர் (தற்காலிகம்)’ என்று போட்டுக்கொள்ளலாம். நடுவில் பாய்லர் வெடித்தால் கவலை வேண்டாம், முதலில் அவரைத்தான் பணியிடை நீக்கம் செய்வோம், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் நம்ம ஆள்.

விண்ணப்பப் படிவம் கார்ப்பரேட் ஆபீஸில் கிடைக்கும். உள்ளே போக பாஸ் வேண்டும். பாஸ் வாங்குவதற்கு ஏற்கெனவே அங்கே வேலையில் இருக்க வேண்டும்.